பழைய சமையலறையை மாற்றுகிறோம்: இப்போது வரும் டிசைன்களில் எது நம் சமையலுக்குத் தாங்கும்?

உறையூர் வீடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருச்சியில் 2003-ல் கட்டிய சொந்த வீடு. சமையலறை 10-க்கு 8 அடி. எல் வடிவ மேடை, கீழே கடப்பா கல் தடுப்புகள், மேலே சிமெண்ட் பரண், சுவரில் 8-க்கு 12 அங்குல வெள்ளை டைல்ஸ். கீழ் அலமாரிகளுக்குக் கதவு கிடையாது, திரைத்துணிதான்.

மொத்தமாக மாற்றிவிடலாம் என்று ஒரு இன்டீரியர் நிறுவனத்திடம் டிசைன் வாங்கினோம். அவர்கள் சொல்வது: ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன். கைப்பிடி இல்லாத, பளபளப்பான அக்ரிலிக் ஷட்டர் (அலமாரிக் கதவு), கீழே கரும்பச்சை, மேலே வெள்ளை. வெள்ளை குவார்ட்ஸ் மேடை. பில்ட்-இன் ஹாப் (மேடைக் கல்லுக்குள் பதிக்கும் அடுப்பு), சிம்னி. கருப்பு சிங்க், கருப்புக் குழாய். மூலையில் ஒரு டால் யூனிட் (தரையிலிருந்து உயரமாக நிற்கும் அலமாரி). சிங்க்கை ஒட்டி டிஷ்வாஷர். மேடை உயரம் 36 அங்குலம்.

படத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சமைப்பது அம்மாவும் என் மனைவியும். அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது, உயரம் 4 அடி 11. மனைவி 5 அடி 2. தினமும் தாளிப்பு, வாரத்தில் இரண்டு முறை மாவு அரைப்பது, ஞாயிறு மீன். போர் தண்ணீர், உப்பு ஜாஸ்தி. இந்தப் பட்டியலில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதுரை அடுக்களை

தம்பி, கலர், கதவு எல்லாம் அப்புறம். முதலில் அந்த 36 அங்குலத்தை அடித்துவிடுங்கள்.

அம்மாவை நேராக நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை அளந்து பாருங்கள். அந்த உயரத்துக்கு 4 முதல் 6 அங்குலம் வரை கீழேதான் மேடை இருக்க வேண்டும். 4 அடி 11 இருப்பவருக்கு முழங்கை 37 அங்குலம் அளவில் வரும். அப்படியென்றால் மேடை 31-லிருந்து 33-க்குள். உங்கள் மனைவிக்கும் 33 சரியாக இருக்கும்.

36-ல் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். மேடை 36, சாதாரண காஸ் அடுப்பு 5, அதன்மேல் 5 லிட்டர் குக்கர் ஒரு 8. மொத்தம் 49. அம்மாவின் தோள்பட்டையே அவ்வளவுதான் இருக்கும். பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்கக் குதிகாலைத் தூக்க வேண்டும். கடாயில் கிளறும்போது கை தூக்கியே இருக்கும், கொதிக்கிற எண்ணெய் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். தோள்வலி, கழுத்துவலி என்று வருகிற பெண்கள் பலர் வீட்டில் மேடை ஆண் கொத்தனாரின் உயரத்துக்குக் கட்டப்பட்டிருக்கும். யாரும் சமைப்பவரைக் கூப்பிட்டு அளந்தே இருக்கமாட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் பில்ட்-இன் ஹாப் நல்லது. கல்லுக்குள் இறங்கி உட்காருவதால் பர்னர் இரண்டு அங்குலம்தான் மேலே நிற்கும். 33 மேடையில் குக்கரின் வாய் 43-ல் வந்துவிடும். ஹாப் வேண்டாம் என்றால் அடுப்பு வைக்கும் மூன்றடி அகலத்தை மட்டும் 4 அங்குலம் தாழ்த்திக் கல் போடச் சொல்லுங்கள். கொத்தனார்களுக்குத் தெரிந்த வேலைதான். ஹாப் என்று முடிவு செய்தால் கண்ணாடிக்குப் பதில் ஸ்டீல் தட்டு உள்ளதை எடுங்கள். பெரிய பாத்திரத்தில் பொங்கல் வைக்கிற வீடு நம்முடையது.

நாஞ்சில் ஆசாரி

அக்கா சொன்ன உயரம் சரி. நான் பலகை பற்றிச் சொல்கிறேன்.

சார், அந்தக் கடப்பா கல் தடுப்புகளை இடிக்கச் சொன்னார்களா? இருபது வருடமாகத் தண்ணீர் பட்டும் ஊறாமல், கரையான் தொடாமல் நிற்கிற சாமான் அது. அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதே இடத்தில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை வைக்கிறார்கள். இன்று நிறைய வீடுகளில் நடப்பது இதுதான்.

கொட்டேஷனில் கார்கஸ் என்ன பலகை என்று பாருங்கள். பெட்டியின் உடம்புக்குத்தான் கார்கஸ் என்று பெயர், ஷட்டர் அதன் முகம். முகத்துக்கு அக்ரிலிக் போட்டுவிட்டு உடம்புக்குப் பார்ட்டிகிள் போர்டு போட்டிருந்தால், சிங்க் பக்கம் ஒரு சொட்டு கசிந்தாலே உப்பிவிடும். எச்டிஎச்எம்ஆர் என்ற அடர்த்தியான பலகை பரவாயில்லை, ஈரம் தாங்கும், ஆனால் தண்ணீரில் நிற்காது. ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் வகை) என்ற முத்திரை இருக்க வேண்டும். சிங்க் பக்கத்துக்கு ஐ.எஸ். 710, அதைத்தான் மெரைன் என்கிறோம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பார்த்துத்தான் அந்த முத்திரை தருவார்கள். "வாட்டர்ப்ரூஃப் ப்ளை" என்று வாயால் சொல்வது கணக்கில் இல்லை. பலகை உங்கள் வீட்டில் இறங்கும்போது முத்திரையைப் பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: சிங்க்குக்கு அடியிலும் ஈரம் வரும் மூலையிலும் கடப்பா அப்படியே இருக்கட்டும், முன்னால் ஒரு சட்டம் அடித்துக் கதவு மட்டும் மாட்டலாம். அடுப்புக்குக் கீழும் பக்கத்திலும் மட்டும் தடுப்பை எடுத்துவிட்டு இழுப்பறை போடுங்கள். இழுப்பறைக்குப் பக்கச்சுவர் துல்லியமாகச் சதுரத்தில் நிற்க வேண்டும். கடப்பா தடுப்புகள் அப்படி நிற்பதில்லை, மேலே 24 அங்குலம் என்றால் கீழே 23-தான் இருக்கும். அதனால் அந்தப் பகுதிக்குப் பலகைப் பெட்டி தேவை. எல்லாம் கல் அல்லது எல்லாம் பலகை என்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முகம் ஒரே மாதிரி இருந்தால் வெளியே யாருக்கும் தெரியாது.

ஓசூர் டிசைனர்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். ஆசாரி அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் புதிய டிசைன் எல்லாமே படத்துக்காக வந்தவை என்ற எண்ணம் பரவக்கூடாது. சில மாற்றங்கள் உண்மையிலேயே சமைப்பவரின் உடம்பைக் காப்பாற்றுகின்றன.

முதலாவது இழுப்பறைகள். பழைய மேடைக்குக் கீழே ஒரு பாத்திரம் எடுக்க வேண்டுமென்றால் குனிந்து, முட்டி போட்டு, முன்னால் இருக்கும் நாலு பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கையை உள்ளே விட வேண்டும். முழுதாக வெளியே வரும் டேண்டம் இழுப்பறையில் நின்றபடியே இழுத்தால் பின்வரிசை முழுதும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. 30, 40 கிலோ தாங்கும் வகைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. கம்பிக் கூடை விலை குறைவுதான், ஆனால் சின்ன டப்பா, கரண்டியெல்லாம் இடுக்கில் விழும், கம்பி இணைப்புகளில் பிசுக்கு ஏறும். 70 வயது அம்மா இருக்கும் வீட்டில் என்னைக் கேட்டால், அக்ரிலிக்கில் செலவழிக்கும் பணத்தை இழுப்பறையில் போடுங்கள் என்பேன்.

இரண்டாவது விளக்கு. சீலிங் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழுகிறது. மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு எல்.இ.டி. பட்டை போட்டால் அரிசியில் கல் பொறுக்கலாம். வயதான கண்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

மூன்றாவது, மிக்ஸியும் கிரைண்டரும் வைக்க உருள்ஷட்டர் போட்ட அறை. உள்ளேயே பிளக் இருக்கும். வேலை முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிடலாம், தூக்கித் தூக்கி வைக்கத் தேவையில்லை.

டால் யூனிட் பற்றி: 10-க்கு 8 அறையில் அது மேடையில் இரண்டடியைத் தின்றுவிடும். எனக்குச் சம்மதம் இல்லை.

மதுரை அடுக்களை

> மிக்ஸியும் கிரைண்டரும் வைக்க உருள்ஷட்டர் போட்ட அறை

மிக்ஸிக்குச் சரி. கிரைண்டருக்கு மேடை உயரம் சரிவராது. டேபிள்டாப்தான் என்றாலும் கல்லோடு சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல் போகும். 33 மேடைமேல் அதை வைத்தால் மாவு வழிப்பதற்குக் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். 18 அல்லது 20 அங்குலத்தில் ஒரு தாழ்ந்த திட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், கீழே தண்ணீர் வெளியேற ஒரு ஜாலி. அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே மாவு அரைத்துக் கழுவிவிடலாம். சர்வீஸ் ஏரியா இருந்தால் அங்கேயே வையுங்கள்.

அப்புறம் கைப்பிடி. கைப்பிடி இல்லாத கதவு வேண்டவே வேண்டாம். கதவின் விளிம்பில் இருக்கும் பள்ளத்துக்குள் விரலை விட்டு இழுக்க வேண்டும். கையில் மாவு, எண்ணெய், மஞ்சள் இல்லாமல் சமைக்கிற நேரம் ஏது? எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் சேரும். வயதானவர்களுக்கு விரல் மூட்டு பிடித்திருந்தால் குமிழும் கஷ்டம். நீளமான டி வடிவக் கைப்பிடி என்றால் ஈரக் கையோடு நாலு விரலையும் கோத்து இழுக்கலாம், துணியும் தொங்கவிடலாம்.

ஓசூர் டிசைனர்

கைப்பிடி விஷயத்தில் ஒரு திருத்தம், மேடம். கைப்பிடிக்குப் பதில் விளிம்பில் பள்ளம் வரும் ப்ரொஃபைல் வகையில், பள்ளம் அகலமாக இருந்தால் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். குறுகலான வகைதான் பிரச்னை. ஆனால் அம்மாவின் விரல்களுக்கு டி கைப்பிடியே நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிரைண்டர் திட்டு நல்ல யோசனை, என் அடுத்த டிசைனில் சேர்த்துக்கொள்கிறேன்.

கோவை சிவில்

சுவர் விஷயம். யாருமே தொடவில்லை, ஆனால் இந்த இழையிலேயே ஆபத்தான பகுதி அதுதான்.

2003-ல் தனி வீடு என்றால் தூண், உத்தரம் போட்ட கட்டடமாகவும் இருக்கலாம், சுவர்மேலேயே தளம் உட்காரும் கட்டடமாகவும் இருக்கலாம். சுவர் 9 அங்குலமா, நாலரையா என்று அளந்து பாருங்கள். சுவருக்கு மேலே தளத்தின் அடியில் உத்தரம் ஓடுகிறதா பாருங்கள். 9 அங்குலச் சுவர், மேலே உத்தரம் இல்லை என்றால் அந்தச் சுவர் தளத்தைத் தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை என்றாலும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். அலமாரி விற்க வந்தவரின் வார்த்தையை நம்பிச் சுவரை எடுக்கக்கூடாது.

மிளகாய் வறுக்கிற நெடியும் மீன் வாசனையும் ஹாலில் இருக்கும் சோபா வரைக்கும் போகும் என்பது தனி. சிம்னி இதைத் தடுக்குமா என்றால், குழாய் 6 அங்குலத்தில், ஒரே ஒரு வளைவோடு நேராக வெளிச்சுவருக்குப் போனால் ஓரளவு தடுக்கும். இரண்டு மூன்று வளைவு, நடுவில் 4 அங்குலத்துக்குச் சுருக்கியது என்றால், பெட்டியில் எத்தனை கனமீட்டர் உறிஞ்சும் என்று போட்டிருந்தாலும் பலன் இல்லை. குழாயே இல்லாமல் கரி வடிகட்டியோடு வரும் வகை நம் தாளிப்புக்கு எடுபடாது. ஜன்னல் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கட்டும்.

வெளிச்சமும் பேச்சும் வேண்டும் என்பதுதான் ஓப்பன் கிச்சனின் ஆசை. அதற்கு நாலடி அகலத்தில் ஒரு பரிமாறும் ஜன்னல் போதும். மேலே சுவரைத் தாங்க லிண்டல் போட்டு, வரிவரியான ஃப்ளூட்டட் கண்ணாடியில் இரண்டு நகரும் கதவு. தாளிக்கும்போது மூடிக்கொள்ளலாம், மற்ற நேரம் அம்மா உள்ளே இருந்தே டிவி பார்க்கலாம். இதற்கும் இன்ஜினியர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சென்னை கடலோரம்

உப்புத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கருப்பு சிங்க், கருப்புக் குழாய் இரண்டையும் விட்டுவிடுங்கள். எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரே நேரத்தில் மூன்று வீடுகளில் போட்டார்கள். ஒவ்வொரு சொட்டும் காய்ந்தவுடன் வெள்ளை வட்டமாக நிற்கிறது. எலுமிச்சை தேய்த்தால் போகும், ஆனால் தினமும் யார் தேய்ப்பது? 304 கிரேடு ஸ்டீல் சிங்க்கில் அதே உப்பு கண்ணை உறுத்தாது. 202 கிரேடை 304 என்று கொடுப்பதும் உண்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஆழம் 10 அங்குலம் இப்போது ஃபேஷன், 33 மேடைக்கு அது குனிய வைக்கும். 8 போதும். கல்லுக்கு அடியிலிருந்து மாட்டும் அண்டர்மவுண்ட் வகை மட்டும் தாராளமாக எடுக்கலாம், மேடையில் உள்ளதை அப்படியே துணியால் சிங்க்குக்குள் வழித்துவிடலாம்.

டிஷ்வாஷர் பற்றி ஒன்று. 12, 14 செட் (அத்தனை பேர் சாப்பிட்ட பாத்திரம் கொள்ளும்) வகைகளின் உயரம் சுமார் 85 செ.மீ., மேல்தட்டைக் கழற்றினாலும் 82 பக்கம் வரும். உங்கள் மேடை 33 அங்குலம் என்றால் தரையிலிருந்து கல்லின் மேற்பரப்பு 84 செ.மீ. கல்லின் தடிமனும் அடிப்பலகையும் போனால் உள்ளே 80 சொச்சம்தான் மிஞ்சும். நுழையாது. 36 போட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். இயந்திரத்துக்காக அம்மாவின் தோளை உயர்த்த வேண்டாம், அதைச் சர்வீஸ் ஏரியாவுக்கு அனுப்புங்கள். உப்புத் தண்ணீருக்கு டிஷ்வாஷர் உப்பு தவறாமல் போட வேண்டும்.

உறையூர் வீடு

எல்லோருக்கும் நன்றி. டேப் வைத்து அளந்தேன். அம்மாவின் முழங்கை 37-க்கு ஒரு நூல் குறைவு, மனைவிக்கு 38 முக்கால். அந்தச் சுவர் 9 அங்குலம், மேலே உத்தரம் தெரியவில்லை. இடிப்பதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மேடைக் கல் மட்டும் குழப்பமாக இருக்கிறது. மனைவிக்கு வெள்ளை குவார்ட்ஸ் மேல் ஆசை. அம்மா கருப்பு கிரானைட் என்கிறார். குவார்ட்ஸ் கறையே பிடிக்காது என்று நிறுவனத்தினர் அடித்துச் சொல்கிறார்கள்.

கிருஷ்ணகிரி கல்

சார், குவார்ட்ஸ் என்று விற்பது மலையிலிருந்து வெட்டிய கல் இல்லை. பொடித்த குவார்ட்ஸ் 90 சதவீதம் அளவுக்கு, மீதி பிசினும் நிறமியும் கலந்து அழுத்திச் செய்த பலகை. நீர் உறிஞ்சாது, அது உண்மை. ஆனால் அந்தப் பிசின் சூடு தாங்காது. 150 டிகிரி தாண்டினாலே நிறம் மாறலாம். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை நேரே வைத்தால் வட்டமாக மஞ்சள் தழும்பு விழும், அதை மெருகேற்றி எடுக்க முடியாது. அடிக்கடி சூடு பட்டால் ஹாப் வெட்டிய மூலைகளில் விரிசல் விடுவதும் உண்டு. மஞ்சள் சிந்தி ராத்திரி முழுக்கக் கிடந்தால் வெள்ளை குவார்ட்ஸிலும் சாயம் நிற்கும்.

இன்னொன்று வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. இதை அறுக்கும்போது வரும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். வேலை செய்தவர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைகளையே தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் இதைவிடக் குறைவு. எந்தக் கல்லாக இருந்தாலும் உங்கள் வீட்டு வாசலில் உலர்ந்தபடி அறுக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள், பையன்களுக்கு முகக்கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டேஷனில் யாரும் இதை எழுத மாட்டார்கள், வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் வெளிச்சமான மேடை வேண்டுமென்றால் வெள்ளை கிரானைட் உண்டு, ஆனால் துளைகள் அதிகம், துளையை அடைக்கும் சீலர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் கருத்து, மேடைக்கு 20 மி.மீ. கருப்பு கிரானைட், லெதர் ஃபினிஷ் என்று சொல்லும் மினுமினுப்பு இல்லாத மேற்பரப்பு. உப்புத் தண்ணீரின் தடம் பாலிஷ் கருப்பில் தெரியும் அளவுக்கு இதில் தெரியாது. உங்கள் மனைவியின் வெள்ளை ஆசைக்குப் பின்சுவரில் 4-க்கு 2 அடி வெள்ளை டைல்ஸ் போடுங்கள். இணைப்புகள் குறைவு, அந்த இணைப்புகளுக்கும் எபாக்ஸி நிரப்பினால் மஞ்சள் ஏறாது.

காரைக்குடிப் பக்கம்

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா என்று யாராவது சொன்னால்: நடக்க நடக்க மெருகேறும், வெயிலில் குளிர்ச்சி. ஆனால் சிமெண்டும் நிறமும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்த கல் அது, புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துவிடும். சாப்பாட்டு அறைக்குப் போடுங்கள், அடுப்பு, சிங்க் முன்னால் வேண்டாம்.

கரண்ட் கணக்கு

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பழைய வீடுகளில் சமையலறைக்கு ஒரே ஒயரில்தான் எல்லாம் ஓடும். இப்போது இண்டக்‌ஷன் 2000 வாட், மைக்ரோவேவ், ஆர்.ஓ., ஃபிரிட்ஜ், மிக்ஸி, பின்னால் டிஷ்வாஷர். இண்டக்‌ஷனுக்கும் டிஷ்வாஷருக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனி 4 சதுர மி.மீ. ஒயர், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக். மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று. ஈரக்கையோடு தொடும் இடம், இதில் கஞ்சம் வேண்டாம். பிளக்குகளை மேடையிலிருந்து 8, 10 அங்குலம் மேலே, சிங்க்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

சிலிண்டர் எங்கே வைக்கிறார்கள் என்று டிசைனில் பாருங்கள். மேடைக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். வெளியே சர்வீஸ் ஏரியாவில் நிற்கவைத்துச் செப்புக் குழாய் வழியாகக் கொண்டுவரலாம். உள்ளேதான் என்றால் கதவின் அடியில் காற்றோட்டத் துளை கட்டாயம். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா குழாயை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எட்டாத இடத்தில் வைத்தால் யாரும் மாற்றுவதில்லை.

உறையூர் வீடு

டிசைனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். புதிய பட்டியல் இது: மேடை 33, ஸ்டீல் தட்டு ஹாப், லெதர் ஃபினிஷ் கருப்பு கிரானைட், பின்சுவரில் பெரிய வெள்ளை டைல்ஸ். சிங்க் பக்கம் கடப்பா அப்படியே, அடுப்புப் பக்கம் மூன்று அடுக்கு இழுப்பறை. மேட் லேமினேட்டில் அதே கரும்பச்சை, டி கைப்பிடி. பரிமாறும் ஜன்னலுக்கு இன்ஜினியர் வியாழக்கிழமை வருகிறார். கிரைண்டர் திட்டும் சிலிண்டரும் பின்பக்கம். அம்மாவிடம் இழுப்பறையில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். மேல் அடுக்கில் அஞ்சறைப்பெட்டி, கரண்டி, கத்தி. நடுவில் தினமும் எடுக்கும் கடாய், குக்கர். கீழே பருப்பு டப்பாக்கள் என்று உடனே சொல்லிவிட்டார்.

கொட்டேஷனைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுக்கிறார்கள். எதையெல்லாம் பிரித்துக் கேட்க வேண்டும்?

நாஞ்சில் ஆசாரி

நல்ல பட்டியல் சார். அம்மா சொன்னதை வைத்தே இழுப்பறை உயரம் போடுங்கள்: மேலே 5 அங்குலம், நடுவில் 10, கீழே அவருடைய உயரமான டப்பாவை அளந்து அதோடு ஒரு அங்குலம்.

சதுர அடி என்பது முகப்பின் அளவு, நீளம் பெருக்கல் உயரம். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் தெரியாது, அதனால் கதவுக்கும் இழுப்பறைக்கும் ஒரே விலை போட முடியாது. கார்கஸ், ஷட்டர், உள்பக்க லேமினேட், இழுப்பறைச் சேனல், கீல், கைப்பிடி, மேல் பரணுக்கான கதவு, பழையதை உடைத்து அள்ளும் கூலி, வரி, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். கீல், சேனலுக்குக் கம்பெனி பெயரும் மாடலும் எழுத்தில் இருக்கட்டும். பலகை விளிம்புகள் எல்லாவற்றிலும், பின்பக்கம் உட்பட, பட்டை ஒட்டியிருக்க வேண்டும். கண்ணில் படாத விளிம்பை வெறுமனே விட்டுவிடுவார்கள், ஈரம் அங்கேதான் ஏறும். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பாருங்கள்.

வேலையின் வரிசை: உடைப்பு, குழாய், ஒயர், கல், டைல்ஸ், பெயிண்ட் முதல் கோட்டு. டைல்ஸ் முடிந்த பிறகுதான் பெட்டிக்கு இறுதி அளவு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பலகை வெட்டினால் அரை அங்குலம் முன்னே பின்னே வந்துவிடும், பிறகு இடைவெளியில் சிலிகானைப் பூசி மூடுவார்கள். முன்பணம் கேட்டாலும் வெட்டும் தேதியை டைல்ஸுக்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கள்.